ஏழு நாள் இலவசம்

கொட்டாஞ்சேனை அடுக்குமாடியில் இரண்டாம் தட்டு,
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் என் ஸ்டூடியோ.
நாலு ஜிபி மடிக்கணினி,
'எச்' எழுத்து கழன்று விழுந்த விசைப்பலகை,
சீட்டுக் காசில் வாங்கிய கமரா.
மென்பொருள்தான் இல்லை.

பெரிய கம்பனிக்காரன் மாதாமாதம் டொலரில் கேட்கிறான்.
டொலர் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை.
வங்கியில் டை கட்டிய தம்பி
என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது இலங்கைக்குள்ள மட்டும்தான் ஓடும், மிஸ்" என்றான்,
ஏதோ பழைய ஓட்டோவைப் பற்றிச் சொல்வதுபோல.

பம்பலப்பிட்டியில், மூன்றாம் மாடியில், ரிஃப்கான்
ஒரு பென்டிரைவை மேசையில் உருட்டினான்.
"எண்ணூறு ரூவா. எல்லாம் உள்ளுக்கு இரிக்கி.
இன்டர்நெட்ட மட்டும் ஓஃப் பண்ணிட்டுப் போடுங்க."
கையை நீட்டினேன், உண்மைதான்.
அப்போதுதான் போன கிழமை ஞாபகம் வந்தது:
நான் எடுத்த கல்யாணப் படத்தை,
மூலையிலிருந்த என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு
மண்டபத்துக்காரர் தன் விளம்பரத்தில் போட்டிருந்தார்.
மணமகளின் விரல் நுனியும் பெயரோடு போயிருந்தது.
கையை எடுத்துக்கொண்டேன்.
நல்லவள் என்பதால் அல்ல.
அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பிறகு, ஏழு நாள் இலவசம்.
ராணி மாதிரி இருந்தேன்.
முகப்பருவைத் தொட்டால் மறைந்தது.
மின்கம்பியைத் தொட்டால்
வானம் தன்னைத்தானே தைத்துக்கொண்டது.
காலிமுகத்திடலில் சரிந்து கிடந்த கடலை
ஒன்றரைப் பாகை நிமிர்த்தினேன்,
ஒரு துளியும் சிந்தவில்லை.

ஆறாம் நாள், அனோஷ்காவின் முதல் நற்கருணைப் படங்கள்.
கோயில் வாசலில் பத்து மணி வெயில்.
மூன்று மாதம் மணி கோர்த்து
அவள் தாய் தைத்த வெள்ளைச் சட்டை.
திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
மணி இல்லை, மடிப்பு இல்லை, தையல் இல்லை.
கழுத்துக்குக் கீழே
வெறும் கடதாசி.
இருந்த ஸ்லைடர் எல்லாவற்றையும் இழுத்தேன்.
வெள்ளை சாம்பலானது,
சாம்பல் அழுக்கானது,
மணி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
கமராவுக்குள் வராததை
யாருக்கு எவ்வளவு கட்டினாலும் வெளியே எடுக்கேலாது என்று
ஏழாம் நாள், காசு கேட்கும் பெட்டி
திரையில் வந்து நின்றபோது விளங்கியது.
'இல்லை' என்பதை அழுத்தினேன்.

நடுச்சாமம் தாண்டினால்தான் இரவு டேட்டா.
பன்னிரண்டு ஐந்துக்கு இலவச மென்பொருளை இறக்க விட்டேன்.
துறைமுகத்தில் பாரந்தூக்கிகளும்
எதையோ இறக்கிக்கொண்டிருந்தன.
மூன்று மணிக்கு என்னுடையது முடிந்தது.
யாரோ புண்ணியவான்கள் சம்பளமில்லாமல் செய்தது.
மெனு பாதி தமிழ், பாதி இங்கிலிஷ்.
லேயர் என்று நான் பழகியதற்கு
'அடுக்கு' என்று போட்டிருந்தது.
அடுக்கு! அது எனக்குத் தெரியாதா?
மேல்வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்தால்
எங்கள் சுவர்தானே நனைகிறது.
விடிவதற்குள் மூன்று வேலை பழகினேன்:
வெட்டுவது, நிமிர்த்துவது, இருட்டைத் தூக்குவது.
மிச்சப் பொத்தான்கள் என்ன செய்யுமோ,
இன்றுவரை தொட்டதில்லை.

அனோஷ்காவின் தாயிடம் உண்மையைச் சொன்னேன்.
திட்டினார்.
திட்டிக்கொண்டே சட்டைக்கு மறுபடி இஸ்திரி போட்டார்.
இந்த ஞாயிறு, அதே வாசல், அதே வெயில்.
வெளிச்சத்தை ஒன்றரைப் படி குறைத்து எடுத்தேன்.
கமராவின் முதுகில் படத்தைப் பார்த்தவர் முகம் சுருங்கியது.
"என்ன பிள்ளை, பொழுதுபட்ட மாதிரிக் கிடக்கு?"
"அந்த இருட்டுக்குள்ள உங்கட மணியெல்லாம் இருக்கு, அன்ரி.
வீட்டை போய் எடுத்துத் தாறன்."
நம்பினாரோ தெரியாது.
முற்பணம் ஐந்நூறைத் திருப்பிக் கேட்கவில்லை.
அனோஷ்காதான், முழங்காலைச் சொறிந்தபடி,
அடுத்த ஞாயிறும் இதைப் போடவேணுமா என்றாள்.